மாரப்பன் பெண்சாதி

கொப்பரை கொதித்து நிலவறை முழுக்க ஆவி கட்டியிருந்தது. பூவாயி மரக்கோலால் விரிப்புகளைக் கிளறித் தூக்கினாள். எமிலியா மறுமுனையைப் பிடித்துப் பிழியும் உருளைக்குள் செருகினாள். கைப்பிடியை இருவரும் மாறி மாறிச் சுற்ற, தண்ணீர் கல்தரையில் ஓடி மூலை ஓட்டையில் இறங்கியது. மேலே சின்னச் சாளரத்தில் தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரிந்தன. மார்ச் மாதம் வந்தும் டேனிஷ் நாட்டு வைலே நகரத்தில் பனி கரைந்தபாடில்லை. பூவாயிக்கு இடுப்புக்குக் கீழே விறைத்தது; முகத்தில் வேர்த்தது.

எமிலியா குனிந்தபோது தலைத்துணி நழுவியது. ஒட்ட வெட்டிய மயிர் விரற்கடை அளவுக்கு முளைத்து நின்றது. அவள் அவசரமாகத் துணியை இழுத்துக்கொண்டாள். ஈரக்கையால் முடிச்சு விழவில்லை. பூவாயி கையை முந்தானையில் துடைத்துவிட்டுப் பின்னால் போய் முடிச்சுப் போட்டுவிட்டாள்.

"தக்," என்றாள் எமிலியா. நன்றி என்கிற அந்த ஒரு சொல் பூவாயிக்குத் தெரியும்.

எமிலியாவின் கதையை, பூவாயி இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரமே துரைசானி சொல்லியிருந்தாள். ஜெர்மன் பட்டாளம் இந்த ஊரில் இருந்த காலத்தில் அவர்களுடைய சட்டைகளைத் துவைத்துப் பிழைத்தவள். போன வருஷம் பட்டாளம் தோற்றதும் ஊர்க்காரர்கள் அவளை நடுத்தெருவில் உட்கார வைத்து மயிரைக் கத்தரித்தார்கள். "யாரும் வேல குடுக்க மாட்டாங்க. அதனால பாதிக் கூலிக்கு வர்றா," என்றாள் துரைசானி. காய்கறி மலிந்ததைச் சொல்கிற குரல்தான்.

மாடிப்படியின் மேலிருந்து துரைசானி கூப்பிட்டாள். "பூவாயி, அப்படியே போட்டுட்டு வா. தொர கூப்பிடுறார்."

லாவ்ரிட்சன் துரை மலாயாவில் பேராக் பக்கம் சுங்கை நீலாம் ரப்பர் தோட்டத்தின் மேனேஜர். போருக்கு முன்பும் அவர்தான், போரிலும் அவர்தான். ஜப்பான்காரன் சரணடைந்த பிறகு குடும்பத்தோடு சொந்த நாட்டுக்குக் கப்பலேறினார். சின்ன மகள் கிர்ஸ்டனைக் கப்பலில் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று ஆயாவான பூவாயியையும் கூட்டிவந்தார்கள். ஆறு மாதத்தில் திரும்பிவிடலாம் என்று பேச்சு. வந்ததிலிருந்து பூவாயி ஆயா வேலையோடு அடுப்படியும் துணியும் பார்க்கிறாள். கிர்ஸ்டன் தோட்டத்தில் தமிழிலேயே சிரித்து அழுத பிள்ளை. இப்போது பூவாயி என்ன கேட்டாலும் டேனிஷில் பதில் சொல்லிவிட்டு ஓடிவிடுகிறாள்.

துரை கணப்பருகில் உட்கார்ந்து புகைக்குழாயைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பூவாயி கதவோரம் நின்றாள்.

"நாளைக்கு இங்கிலீஷ் அதிகாரி ஒருத்தன் கோபன்ஹேகன்ல இருந்து வர்றான்," என்றார். அவருடைய தமிழ் தோட்டத்துத் தமிழ், கட்டளையிட்டே பழகியது. "ஜப்பான் பட்டாளம் தோட்டத்துல இருந்த காலத்தப் பத்தி விசாரிக்கிறான். சாட்சிக்கு உன்னைத்தான் சொல்லியிருக்கேன்."

"எனக்கு என்ன தெரியும் தொர?"

"சயாமுக்கு ஆளு எடுத்தது தெரியும்ல? யாரு எடுத்தா? ஜப்பான்காரன். துப்பாக்கி வச்சுப் புடிச்சிட்டுப் போனான். தொர வேண்டாம்னு சொன்னாரு, அவன் கேக்கல. இதான் நடந்தது. சொல்லு பாப்போம்."

பூவாயி வாய்க்குள் சொன்னாள்.

"சத்தமா."

மறுபடி சொன்னாள். துரை தலையாட்டினார்.

"எவனோ என்மேல பிராது குடுத்திருக்கான். நான்தான் ஆளப் பொறுக்கிக் குடுத்தேன்னு."

"யாரு தொர?"

"யாரா இருந்தா என்ன? ஒரு பொய்யன்." அவர் குழாயில் புகையிலையை வைத்து அழுத்தினார். "அந்த அதிகாரி சரின்னாத்தான் நான் மலாயாவுக்குத் திரும்ப முடியும். நான் போனாத்தான் நீ போக முடியும். மே மாசம் கப்பல். உனக்குப் புருஷனத் தேட வேணாமா?"

"அவரு உசிரோட இருக்காரா தொர?"

"போனவங்கள்ல பாதிப் பேரு செத்தாச்சு. அங்க போயித்தான் விசாரிக்கணும்." சொல்லும்போது அவர் நெருப்புக்குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே பூவாயி அந்தப் பாடத்தைச் சொல்லிப் பார்த்தாள். சொல்லச் சொல்ல வேறொன்றுதான் கண்ணில் வந்தது.

ஜப்பான் பட்டாளம் சைக்கிளில்தான் வந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படுத்தது. ரப்பர் பாய் காய்கிற கொட்டகைக்கு முன்னால் கொடிக்கம்பம் நட்டு, விடிந்ததும் எல்லாரும் அதற்குக் குனிய வேண்டும் என்றது. குனிய மறந்தவன் தண்ணீர் நிரப்பிய பால்வாளியைத் தலைக்கு மேலே தூக்கிப்பிடித்து வெயிலில் நிற்க வேண்டும். அக்கம்பக்கத்துத் தோட்டங்களின் வெள்ளைக்காரத் துரைகளை லாரியில் ஏற்றி ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். லாவ்ரிட்சன் துரையை மட்டும் விட்டார்கள். என் நாடு ஜெர்மன்காரன் கையில் இருக்கிறது, ஜெர்மன்காரன் உங்கள் சிநேகிதன் என்று அவர் ஜப்பான் கேப்டனிடம் சொன்னாராம். கேப்டன் சிரித்துவிட்டுக் கிளாஸை நீட்டினானாம். பங்களாவும் நாற்காலியும் துரைக்கே இருந்தன. பால்மரத்தை வெட்டி மரவள்ளி நட்டார்கள். விறகும் பன்றியும் கீரையும் பட்டாளத்துக்குப் போயின. கூலிகளுக்கென்று பட்டாளம் கொடுத்த அரிசி பங்களா ஸ்டோருக்கு வந்து, அங்கேயே பாதி நின்றுவிடும். கூலிகள் குடியிருந்த லயத்தில் சனங்களுக்குக் கால் வீங்கியது.

அரிசியைக் கேட்கப் போனது அவள் புருஷன் மாரப்பன். கூட நாலைந்து பேர். பங்களாப் படிக்கட்டில் நின்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். பூவாயி துரையின் குழந்தையோடு உள்ளே இருந்தாள். "பாக்கலாம்" என்றார் துரை.

அந்த வாரமே சயாம் ரயில் பாதைக்கு ஆள் கேட்டு உத்தரவு வந்தது. கேப்டனுக்கு ஆள் வேண்டும். எந்த ஆள் என்பதில் அவனுக்கு அக்கறை இல்லை. விடியற்காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டில் எல்லாரும் வரிசையாக நின்றார்கள். துரைதான் கைத்தடியோடு வரிசைக்குள் நடந்தார். நன்றாகப் பால் வெட்டுகிறவனைத் தாண்டிப் போனார். நோஞ்சானைத் தொட்டார், எதிர்த்துப் பேசினவனைத் தொட்டார். மாரப்பன் தோளில் தடி கொஞ்சநேரம் இருந்தது. அவன் பங்களா வராந்தாவைத் திரும்பிப் பார்த்தான். அங்கே பூவாயி துரை மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். மாரப்பன் இடுப்புத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு லாரியில் ஏறினான். அன்று ராத்திரி கேப்டன் விருந்துக்கு வந்தான். பூவாயிதான் சூப் கொண்டுபோய் வைத்தாள்.

அவள் கப்பலேறுகிற சமயத்தில் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி மரியரட்ணம் தடுத்தார். யாழ்ப்பாணத்து மனுஷன், அதிர்ந்து பேசமாட்டார். "சயாமிலை இருந்து ஆக்கள் வருகினமாம் பிள்ளை. கொஞ்சம் பொறுத்துப் பார். கப்பல் ஏறினாப் பிறகு திரும்பி வாறது உன்ரை கையிலை இல்லை," என்றார். லயத்தில் அரிசி இல்லை. துரைசானி ஆறு மாதம் என்றாள். பூவாயி ஏறிவிட்டாள்.

மறுநாள் காலை அதிகாரி வந்தார். ஒல்லியான இளவயசுக்காரர், மூக்கெல்லாம் சளி. அவரோடு மொழிபெயர்க்க ஒரு நரைத்த அம்மாள் வந்திருந்தாள். ஆஸ்ட்ரிட் அம்மாள், தென்னாற்காட்டு மிஷன் பள்ளிக்கூடத்தில் பாதி ஆயுசைக் கழித்தவள்.

"சமாதானம் மகளே. நீர் உட்காரும்," என்றாள் அவள்.

கோயில் புஸ்தகத்திலிருந்து எடுத்துப் பேசுவது போலிருந்தாலும் அது நல்ல தமிழ். சாப்பாட்டு மேசை நாற்காலியில் இதுவரை அவள் உட்கார்ந்ததில்லை. நுனியில் உட்கார்ந்தாள்.

அதிகாரி துரையைப் பக்கத்து அறையில் இருக்கச் சொன்னார். துரை எழுந்து போனார், கதவைச் சாத்தவில்லை. குழாய்ப் புகை வாசனை வந்துகொண்டே இருந்தது.

பெயர், வேலை, எத்தனை காலமாக என்று கேட்டார்கள்.

"உம்முடைய கணவர்?"

"சயாமுக்குப் போனாருங்க. வரல."

"அவர் பெயர் என்ன என்று கேட்கிறார்."

பூவாயி தலையைக் குனிந்துகொண்டாள். கட்டின நாளிலிருந்து அந்தப் பேரை அவள் வாயால் சொன்னதில்லை. ஆஸ்ட்ரிட் அம்மாள் புரிந்துகொண்டு அதிகாரியிடம் இங்கிலீஷில் ஏதோ விளக்கினாள். அவர் லேசாகச் சிரித்து, அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு மேலே போனார்.

பிறகு பெரட்டைப் பற்றிக் கேட்டார். பூவாயி ஒப்பித்தாள். ஜப்பான்காரன் துப்பாக்கி வச்சுப் புடிச்சிட்டுப் போனான். தொர வேண்டாம்னு சொன்னாரு. அவன் கேக்கல.

"மேனேஜர் ஆட்களைத் தெரிந்தெடுத்தாரா?"

"இல்லீங்க."

"கையில் தடி வைத்திருந்தாரா?"

"இல்லீங்க."

பக்கத்து அறையில் நாற்காலி கிரீச்சிட்டது. அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு அம்மாளிடம் நிறையப் பேசினார். அவள் பூவாயியின் பக்கம் திரும்பினாள்.

"மகளே, நன்றாய் யோசித்துச் சொல்லும் என்கிறார். நீர் சொல்லுவது மெய்யானால், பிராது கொடுத்த மனிதன் பொய்யுரைத்தான் என்று ஆகும். தோட்டத்தார் அவன்மேல் வழக்குப் போடலாம். அவன் ஜெயிலுக்கும் போகக்கூடும்."

"யாருங்க அந்த ஆளு?"

அம்மாள் அதிகாரியைப் பார்த்தாள். அவர் காகிதத்தைத் திருப்பிப் பார்த்துச் சொன்னார்.

"பால் வெட்டுகிறவன் ஒருவன். சயாமிலிருந்து திரும்பி வந்தவன். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லையாம். மாரப்பன் என்று பெயர்."

பூவாயி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மரத்தில் கோடு கோடாக ஓடிய ரேகைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாள் தண்ணீர்க் கிளாஸை நகர்த்தி வைத்தாள். அவள் தொடவில்லை.

"எப்ப வந்தாருன்னு கேளுங்கம்மா."

"கிறிஸ்துமஸுக்கு முன்னே வந்திருக்கிறான்."

"பிராது குடுத்தது யாருன்னு தொரைக்குத் தெரியுமா?"

அதிகாரி அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. இருந்தாலும் சொன்னார்.

"ஜனவரி மாசமே தெரிவித்தார்களாம். பெயரோடு."

ஜனவரியிலிருந்து எத்தனை தடவை அந்த மனுஷனுக்குக் காப்பி கொண்டுபோய் வைத்திருப்பாள். எத்தனை தடவை, எதாச்சும் தெரிஞ்சுதா தொர என்று கேட்டிருப்பாள். பூவாயி நிமிர்ந்து உட்கார்ந்தாள். முதுகு நாற்காலியில் பட்டது.

"அம்மா, முன்ன சொன்னது தொர நேத்துச் சொல்லிக் குடுத்தது. இப்பச் சொல்றது நான் கண்ணால பாத்தது. அதயும் அப்படியே சொல்லுங்க."

சொல்லத் தொடங்கினாள். அரிசி பங்களா ஸ்டோரில் நின்றதைச் சொன்னாள். படிக்கட்டில் கேட்க வந்தவர்களைச் சொன்னாள். தடி யார் யார் தோளைத் தொட்டது என்று சொன்னாள். பிடி வெள்ளிப்பூண் போட்டது என்றாள். ஜப்பான்காரன் அப்போது எங்கே நின்றான் என்று அதிகாரி கேட்டார். "கொட்டகைத் தாவாரத்துல சிகரெட்டுப் புடிச்சிட்டு நின்னான். துப்பாக்கிய யாரும் தூக்கல," என்றாள். ஆஸ்ட்ரிட் அம்மாள் ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் சொன்னாள். அவளுடைய கழுத்து சிவந்துகொண்டே வந்தது.

அதிகாரி பேனாவை நிறுத்தினார்.

"முதலில் ஏன் மாற்றிச் சொன்னீர், இப்பொழுது ஏன் திருப்பிச் சொல்லுகிறீர் என்று கேட்கிறார்."

பூவாயி உதட்டை நனைத்துக்கொண்டாள்.

"மாரப்பன்," என்றாள். குரல் யாருடையதோ போலிருந்தது. "எம் புருஷன் பேரு மாரப்பன்."

அம்மாள் மொழிபெயர்க்க மறந்து அவளையே பார்த்தாள். அதிகாரி மேசையைத் தட்டிய பிறகுதான் சொன்னாள்.

அப்போது துரை உள்ளே வந்தார். கோபமில்லை. குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு கணப்புக்கு முதுகு காட்டி நின்று, இங்கிலீஷில் நிதானமாகப் பேசினார். அம்மாள் தாழ்ந்த குரலில் பூவாயிக்குச் சொன்னாள். "'பெண்சாதி புருஷனுக்காகத்தான் பேசுவாள், அது இயல்பு' என்கிறார். உம்மேல் அவருக்கு வருத்தமில்லையாம்."

அம்மாள் அதிகாரியிடம் திரும்பி வாதாடினாள். இங்கிலீஷ் புரியாவிட்டாலும், இந்தக் கிழவி இப்படிப் பேசிப் பழக்கமில்லாதவள் என்பது பூவாயிக்குத் தெரிந்தது. அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பிறகு பேனாவின் மூடியைத் திருகினார்.

"ஒரே உட்காருதலில் இரண்டு விதமான சாட்சி என்கிறார். அதிலும் பிராதுக்காரனின் மனைவி. இதை எடுத்துக்கொள்ள வழியில்லையாம்."

"அப்ப அவரு மேல வழக்குப் போடுவாங்களா?"

"இல்லை. பிராது இத்தோடு நின்றுபோகும். துரை வேலைக்குத் திரும்புவார்." அம்மாள் கைக்குட்டையை மடித்துப் பிரித்தாள். "ரப்பர் வேண்டும் மகளே. இப்பொழுது எல்லாருக்கும் ரப்பர் வேண்டும்."

பூவாயி எழுந்து நாற்காலியை இருந்த இடத்தில் சரியாகத் தள்ளி வைத்தாள். நிலவறையில் விரிப்புகள் பாதிப் பிழிந்தபடி கிடந்தன. எமிலியா தனியாக உருளையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பூவாயியின் முகத்தைப் பார்த்தவள், சுற்றுவதை நிறுத்திக் கவிழ்த்துவைத்த தொட்டியைக் காட்டினாள். இருவரும் அதில் உட்கார்ந்தார்கள். எமிலியா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷை இல்லை.

அடுத்த நாள் துரைசானி சொன்னாள். "இனிமே நீ இங்க இருக்க முடியாது. கிர்ஸ்டனும் பள்ளிக்கூடம் போறா." ஊருக்கு வெளியே ஜெர்மன் பட்டாளம் இருந்த கட்டிடங்களில் இப்போது ஜெர்மன் அகதிகளை முள்வேலிக்குள் வைத்திருந்தார்கள். அங்கே துணி வெளுக்க ஆள் எடுக்கிறார்கள் என்றாள். எமிலியா ஏற்கெனவே வாரத்தில் பாதி நாள் அங்கேதான். படுக்க இடமும் உண்டு. துரை புறப்படுகிற வரைக்கும் மட்டும் இங்கே இருந்து சாமான் கட்டிக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

"கப்பல்ல நானும்..."

"அது கம்பெனிக் கப்பல்," என்றாள் துரைசானி.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்ட்ரிட் அம்மாள் தேடி வந்தாள். கோபன்ஹேகனுக்கு எழுதியிருக்கிறாள், மெட்ராஸ் மிஷனுக்கும் எழுதியிருக்கிறாள். பூவாயிக்கென்று தனிக் காகிதம் எதுவும் இல்லை. துரையின் காகிதத்தில் ஒரு வரியாகத்தான் வந்திருந்தாள். புதிதாக வாங்க வேண்டும். கப்பலில் இடம் கிடைக்க ஒரு வருஷமும் ஆகலாம், கூடவும் ஆகலாம்.

"உம்முடைய கணவருக்கு நான் எழுதுகிறேன். என்ன எழுதட்டும்?"

பூவாயி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"அவரு சொன்னதையேதான் நானும் சொன்னேன்னு எழுதுங்க. மொதல்ல மாத்திச் சொன்னதையும் எழுதுங்க. மறைக்க வேணாம்." அப்புறம், "காலு எப்படிப் போச்சுன்னு கேளுங்க," என்றாள்.

மே மாதம் மரங்கள் துளிர்விட்ட ஒரு காலையில் துரை புறப்பட்டார். பூவாயி வெள்ளை டிரில் சட்டைகளைக் கஞ்சி போட்டு மடித்துப் பெட்டியில் அடுக்கியிருந்தாள். ஸ்டேஷனுக்குச் சாமான் கொண்டுபோகும் குதிரை வண்டி வாசலில் நின்றது. பெட்டிகளின் மேல் வெள்ளைச் சாயத்தில் தோட்டத்தின் பெயர். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் அந்த எழுத்துகளின் உருவம் தெரியும். தோட்டத்து ரப்பர் பாய் ஒவ்வொன்றிலும் அதுதான் குத்தியிருக்கும். தெருமுனையில் எமிலியா அழுக்குத்துணித் தள்ளுவண்டியோடு அவளுக்காகக் காத்திருந்தாள். பூவாயி தன் மூட்டையை வாசற்படியில் வைத்துவிட்டுக் கடைசிப் பெட்டிக்குக் கைகொடுத்தாள்.

துரை கையுறையை மாட்டிக்கொண்டே அவள் பக்கம் வந்தார்.

"மாரப்பன்கிட்ட எதாச்சும் சொல்லணுமா? பெரட்டுல பாப்பேன்."

பூவாயி அவரைப் பார்த்தாள். அவர் தோளைக் குலுக்கிவிட்டு மகளை முத்தமிட்டு வண்டியில் முன்னால் ஏறி உட்கார்ந்தார்.

வண்டிக்காரன் கிழவன். சாமான்களை ஒரு தடவை பார்த்தவன், படியிலிருந்த மூட்டையையும் எடுத்துப் பெட்டிகளின் உச்சியில் வைத்துக் கயிற்றைப் போட்டு இறுக்கினான். தூரத்து நாட்டுக்காரி சொந்த ஊருக்குப் போகிறாள் என்று நினைத்திருப்பான். அவளைப் பார்த்துச் சிரித்து, ஏறு என்று பின்பலகையைத் தட்டிக் காட்டினான்.

துரைசானி வாசலில் நின்றபடி டேனிஷில் ஒரு வார்த்தை சொன்னாள்.

கிழவனின் சிரிப்பு நின்றது. அவன் கயிற்றை அவிழ்த்தான். மூட்டையை இரண்டு கையாலும் இறக்கி, வைக்க உலர்ந்த இடம் தேடினான். ராத்திரி மழை பெய்திருந்தது. தெரு முழுக்க ஈரம். கடைசியில் தன் கோணிச் சாக்கை எடுத்து நடைபாதைக் கல்லில் விரித்து, அதன்மேல் மூட்டையை வைத்தான். பெட்டிகளை மறுபடி இறுக்கிக் கட்டிவிட்டு, யாரையும் பார்க்காமல் கடிவாளத்தை இழுத்தான். வண்டி ஸ்டேஷன் சரிவில் இறங்கியது.